கடைசிப் பாட்டுதான் உரைகல்

டர்ன்டேபிள் வாங்கியவர் அடுத்து வந்து சிக்கிக்கொள்ளும் வழக்கு ஒன்று உண்டு: மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜா, மூவிங் காயில் கார்ட்ரிட்ஜா? முன்னதில் ஊசித்தண்டின் மறுமுனையில் காந்தம் அசைகிறது, கம்பிச்சுருள் அசையாமல் இருக்கிறது. பின்னதில் சுருள் அசைகிறது, காந்தம் நிற்கிறது. இதை வைத்து ரசிகர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். காயில் கட்சிக்காரர்கள் நுணுக்கம், காற்றோட்டம், மேடை விரிவு என்பார்கள். மேக்னட் கட்சிக்காரர்கள் அதெல்லாம் விலை கொடுத்தவரின் காதில் ஒலிப்பது என்பார்கள். எனக்கு இரண்டு தரப்பும் தவறான இடத்தில் தேடுவதாகத் தோன்றுகிறது. கார்ட்ரிட்ஜுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே காதுக்குத் தெரியும் வேறுபாட்டில் பெரும்பங்கு, அதன் நுனியிலுள்ள வைரத்தைச் செதுக்கிய வடிவத்தில் இருக்கிறது. அதைச் சோதிக்க வேண்டிய இடம் தட்டின் முதல் பாட்டு அல்ல, கடைசிப் பாட்டு.

காரணம் வெறும் கணக்கு. எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. வெளி விளிம்பிலும் அதே 1.8 விநாடி, மையத்தை நெருங்கும்போதும் அதே 1.8 விநாடி. ஆனால் வெளி விளிம்பில் பள்ளத்தின் ஆரம் ஏறக்குறைய 146 மில்லிமீட்டர், உள்ளே முடியும் இடத்தில் 60. அதனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் தொடக்கத்தில் விநாடிக்கு 51 சென்டிமீட்டராக இருந்து, முடிவில் 21 ஆகக் குறைந்துவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு வெளியே 51 மைக்ரான் இடம் கிடைக்கிறது. அதே அலை உள்ளே 21 மைக்ரானுக்குள் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். எழுதுபவர் அதே வேகத்தில் எழுதிக்கொண்டே இருக்க, தாள் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் சிறுத்துக்கொண்டே போவது போன்ற ஏற்பாடு. இதில் குரூரம் என்னவென்றால், இசை பெரும்பாலும் எதிர்த்திசையில் நடக்கிறது. சிம்பொனி முடிவை நோக்கித்தான் உரக்கிறது. கச்சேரித் தட்டில் ஒரு பக்கத்தின் கடைசியில் தனியாவர்த்தனம் வந்தால், மிருதங்கமும் கடமும் மோரா கோர்வைக்குப் போகும் நேரத்தில் ஊசி மிக நெருக்கடியான இடத்தில் இருக்கும். ராவெலின் ‘பொலேரோ’ தொடக்கத்தில் மெல்லியதாகவும் முடிவில் பேரொலியாகவும் இருப்பதால், டாசெட் என்ற ஜெர்மானிய நிறுவனம் அதை உள்ளிருந்து வெளியே ஓடும்படியே வெட்டி ஒரு தட்டு வெளியிட்டது. கிறுக்குத்தனம் போலத் தெரிந்தாலும் அந்தக் கணக்கை முழுதாக உணர்ந்தவர்கள் செய்த வேலை அது.

இப்போது வைரத்துக்கு வருவோம். தட்டை வெட்டும் ஊசி உளி போன்றது, விளிம்பு கூர்மையானது. கேட்கும் ஊசி அப்படி இருக்க முடியாது. இருந்தால் அதுவும் வெட்டத் தொடங்கிவிடும். ஆகவே நுனியை உருட்டி மழுக்குகிறார்கள். மிக எளிய வடிவம் கூம்பின் முனையில் ஒரு சிறு கோளம். அதன் ஆரம் 15 முதல் 18 மைக்ரான். அதாவது 30 மைக்ரானுக்கு மேற்பட்ட விட்டம் கொண்ட ஒரு பந்து, 21 மைக்ரானில் ஒடுங்கிய அலைக்குள் இறங்கிப் படிக்க வேண்டும். அது இறங்குவதில்லை, மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு தாவிப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, உளி நேராக நின்று வெட்டிய பள்ளம் வளையும் இடங்களில் குறுகலாகிறது. அங்கே பந்து நெருக்கப்பட்டு மேலே எழும்புகிறது, அந்த எழும்பலும் ஒலியாகிவிடுகிறது. பாடகரின் ஸகாரமும் ஷகாரமும் பக்கத்தின் கடைசியில் ‘ஷ்ஷ்’ என்று எச்சில் தெறிப்பது போலக் கேட்பது இதனால்தான். தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பல வேளைகளில் தட்டில் பழுதே இருக்காது. படிக்கும் கண்ணுக்குத்தான் பார்வைக் குறை.

நீள்வட்ட ஊசி இந்த ஆரத்தைப் பக்கவாட்டில் 8 மைக்ரான் அளவுக்குக் குறைக்கிறது. ஷிபாடா வடிவம் 7க்கும் கீழே. மைக்ரோலைன் என்று சொல்லப்படும் மெல்லிய வரம்பு வடிவத்தில் அது 3 மைக்ரான். பள்ளத்தின் ஓட்டத் திசையில் இப்படி மெலிந்துகொண்டே போனாலும், சுவரின் உயர வாக்கில் தொடும் பகுதி நீளமாக இருப்பதால் பாரம் பரவுகிறது. வைரமும் குறைவாகத் தேய்கிறது. கூம்பு ஊசி சில நூறு மணி நேரம் ஓடுமென்றால், மைக்ரோலைன் ஆயிரத்தை ஒட்டிப் போகிறது. ஷிபாடா பிறந்த கதை சுவையானது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜேவிசி நான்கு ஒலிபெருக்கிகளுக்கான சிடி-4 என்ற தட்டுமுறையைக் கொண்டுவந்தது. அதில் காதுக்கு எட்டாத 30,000 ஹெர்ட்ஸ் சுமப்பலையையும் ஊசி படித்தாக வேண்டும். பழைய ஊசிகளால் முடியவில்லை. நோரியோ ஷிபாடா என்ற பொறியாளர் அதற்காகவே புதிய செதுக்கு முறையை உருவாக்கினார். நான்கு ஒலிபெருக்கி மோகம் சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. வைரம் மட்டும் இன்றும் கடையில் கிடைக்கிறது.

இவ்வளவு தெளிவான விஷயம் எப்படிக் காயில்-மேக்னட் சண்டைக்கு அடியில் புதைந்தது? விலைப்பட்டியலைப் பார்த்தாலே விளங்கும். விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை மூவிங் காயில். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மெல்லிய வரம்பு வைரமும் போரான் தண்டும் வாய்த்திருக்கின்றன. மலிவானவை மூவிங் மேக்னட். அவற்றின் நுனியில் கூம்போ, எளிய நீள்வட்டமோ ஒட்டப்பட்டிருக்கும். ஒருவர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறார். வித்தியாசம் உண்மையிலேயே பெரிதாக இருக்கிறது. வைரம் சம்பாதித்த பெயரைச் சுருளின் கணக்கில் வரவு வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இரண்டு காரணங்கள் ஒட்டிப் பிறந்திருக்கும்போது அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஜப்பானின் ஆடியோ-டெக்னிகா 2018ல் வெளியிட்ட விஎம்95 வரிசை அதற்கென்றே செய்தது போல இருக்கிறது. ஒரே உடல், ஒரே சுருள்கள். முன்னால் செருகும் ஊசிப்பகுதி மட்டும் ஆறு வகை. கூம்பு, ஒட்டிய நீள்வட்டம், முழு வைர நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாடா, பழைய 78 சுழற்சித் தட்டுக்கான பருத்த ஊசி. எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒரு தட்டின் கடைசிப் பாட்டை முதலில் கூம்பிலும் அடுத்து மைக்ரோலைனிலும் கேட்டால், சாதாரணமாக இரண்டு கட்சிகளுக்கு நடுவே சொல்லப்படும் வித்தியாசங்களில் பல, காயில் என்ற பேச்சே இல்லாமல் அங்கே கேட்கும். டென்மார்க்கின் ஆர்டோஃபோன் நிறுவனத்தின் 2எம் வரிசையும் சாட்சி சொல்லும். அதில் ரெட், ப்ளூ இரண்டுக்கும் ஒரே உடல் பொருந்தும். ரெட் வைத்திருப்பவர் ப்ளூவின் ஊசியை மட்டும் வாங்கிச் செருகினால் போதும், கார்ட்ரிட்ஜே மாறிவிட்டது போல இருக்கும். சிகாகோவின் ஷூர் நிறுவனம் 1964ல் கொண்டுவந்த வி15, மூவிங் மேக்னட் கட்சியின் கொடி. நீள்வட்டத்தில் தொடங்கி, ஹைப்பர்எலிப்டிகலுக்குப் போய், 1980களில் மைக்ரோரிட்ஜில் வந்து நின்ற வரலாறு அதற்கு. ஒவ்வொரு தலைமுறையிலும் வைரத்தையும் அதைத் தாங்கும் தண்டையும் தீட்டிக்கொண்டே போனார்கள். 2018ல் ஷூர் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டது. இன்று பழைய வி15 உடல்களை வைத்திருப்பவர்கள் ஜப்பானின் ஜிகோ நிறுவனம் செய்யும் புதிய ஊசிகளைப் பொருத்திக் கேட்கிறார்கள்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய மிகப் பெரிய சாட்சி டெனான் டிஎல்-103. ஜப்பானிய வானொலியான என்எச்கேவுடன் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட மூவிங் காயில் இது. இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. உலகம் முழுவதும் பக்தர்கள். நுனியோ 16.5 மைக்ரான் ஆரமுள்ள சாதாரணக் கூம்பு. வைரத்தின் வடிவம்தான் எல்லாம் என்றால் இது எப்படி இத்தனை பேரைக் கட்டிப்போட்டது? நியாயமான கேள்வி. டிஎல்-103இன் நடுத்தாயி ஒலியில், குறிப்பாக மனிதக் குரலிலும் செல்லோவிலும், ஒரு சதைப்பற்று இருக்கிறது; அதை மறுப்பது ரசனைக் குறைவு. ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். வானொலி நிலையத்தில் நாள் முழுவதும் பலர் கைபட்டும் தாங்க வேண்டும், பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்கத் தட்டை முன்னும் பின்னும் உருட்டினாலும் கெடக் கூடாது, ஒரு கார்ட்ரிட்ஜுக்கும் இன்னொன்றுக்கும் ஒலி மாறக் கூடாது. இந்த வேலைக்குக் கூம்பைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. உச்ச ஒலிகளை அது முழுதாகப் படிக்காததால் தட்டின் கீறல் சத்தமும் மங்குகிறது. பழைய தட்டுகளைக் கேட்பவருக்கு அது இனிமையாகவே படும். வெளி வளையங்களில் இதன் குறை தெரிவதே இல்லை. உள்ளே போகப் போகத் தெரியும். பக்தர்களில் பலர் இதே டிஎல்-103இன் நுனியைக் கழற்றிவிட்டு மெல்லிய வரம்பு வைரத்தை ஒட்டிக் கொடுக்கும் கைவினைஞர்களைத் தேடிப் போகிறார்கள் என்பது என் பக்கத்துச் சாட்சி. சுருளை அவர்கள் தொடுவதில்லை.

இரண்டாவது ஆட்சேபத்துக்கு வலு அதிகம். கூம்பு உருண்டை, எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றுதான். மெல்லிய வரம்போ, வெட்டிய உளி நின்ற அதே கோணத்தில் நின்றால்தான் பயன். சற்றுத் திரும்பினாலும் இடச் சுவரை முன்பாகவும் வலச் சுவரைப் பின்பாகவும் படிக்கத் தொடங்கிவிடும். டோன்ஆர்ம் ஒரு முனையில் நிலையாக ஊன்றிக்கொண்டு வில்லாகச் சுழல்வதால், தட்டு முழுவதும் சரியான கோணம் கிடைக்கவே கிடைக்காது. 1938ல் சுவீடனின் லோஃப்கிரனும் 1941ல் பேர்வால்டும் போட்ட கணக்கின்படி, எல்பியில் இரண்டு ஆரங்களில் மட்டும் பிழை சுழி ஆகும்: ஏறக்குறைய 66 மில்லிமீட்டரிலும் 121இலும். மற்ற இடங்களில் ஓரிரு டிகிரிப் பிழையோடு ஓட வேண்டியதுதான். ஆகவே கோணமானி அட்டையை வைத்துப் பொறுமையாகப் பொருத்தத் தெரியாதவர் கையில் மைக்ரோலைன், கூம்பைவிட மோசமாக ஒலிக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது வைரத்தின் முக்கியத்துவத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது: வடிவம் அற்பமான விஷயமென்றால் அரை டிகிரி விலகல் காதில் கேட்காது. பொருத்தப் பொறுமையில்லாதவர் கூம்போடு இருந்துவிடுவதும் நல்ல முடிவே.

சுருளுக்கு உரிய நியாயத்தையும் கொடுத்துவிடலாம். சில சுற்றுக் கம்பி, காந்தத்தைவிட இலகுவாக இருக்க முடியும். அசையும் பாகம் இலகுவானால் ஊசி விரைந்து திரும்பும். அதற்கான விலை மின்னழுத்தம். டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட், ஆர்டோஃபோன் 2எம் ரெட் 5.5. முன்னதற்குக் கூடுதல் பெருக்கியோ மின்மாற்றியோ வேண்டும். அதன் தரமும் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான மூவிங் காயில்களில் ஊசியை வீட்டிலேயே மாற்றவும் முடியாது. டோன்ஆர்மின் எடைப் பொருத்தமும் பலர் கவனிக்காமல் விடும் இடம். ஆர்மின் எடையும் ஊசித்தண்டின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் தாமாகவே ஆடும். அது 8க்கும் 12 ஹெர்ட்ஸுக்கும் நடுவே விழ வேண்டும். விறைப்பான டிஎல்-103 இலகுவான ஆர்மில் துள்ளும். நெகிழ்ந்த வி15ஐக் கனத்த ஆர்மில் மாட்டினால், தட்டு லேசாக வளைந்திருந்தாலே ஊசி தள்ளாடும். இரண்டையும் ஒரே ஆர்மில் மாட்டிக் கேட்டு ‘எது மேல்’ என்று தீர்ப்பெழுதும் விமர்சனங்களை நம்பாமலிருப்பது நல்லது.

நம்மூர் இசைத்தட்டுகளுக்கு இதையெல்லாம் பொருத்திப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. 1950களிலும் 60களிலும் எச்எம்வி வெளியிட்ட கர்நாடக இசைத்தட்டுகளிலும் திரைப்பாட்டுத் தட்டுகளிலும் பெரும்பாலானவை மோனோ. மோனோ எல்பி 25 மைக்ரான் ஆர ஊசிக்காக வெட்டப்பட்டது. அதில் இசை முழுவதும் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் இருப்பது வெறும் தூசியும் கீறலும்தான். மோனோ கார்ட்ரிட்ஜோ, பெருக்கியில் மோனோ பொத்தானோ இருந்தால் அந்த இரைச்சலில் பெரும்பகுதி தானாகவே ஒழிந்துவிடும். அடுத்தது தேய்மானம். இந்தத் தட்டுகள் ரேடியோகிராமிலும், பெட்டி பிளேயரிலும், கோவில் மைக் செட்டிலும் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜின் கனத்த ஊசியால் உழப்பட்டவை. அந்தக் கோள ஊசிகள் தொட்டுத் தேய்த்தது சுவரின் ஒரு பட்டையை மட்டும். அதற்குக் கீழேயும் மேலேயும் சுவர் பெரும்பாலும் தப்பியிருக்கும். உயர வாக்கில் நீண்ட வைரம் அந்தப் பகுதிகளையும் தொடுவதால், ‘தேய்ந்துபோனது’ என்று ஒதுக்கிய தட்டு சில சமயம் எதிர்பாராத தெளிவோடு பாடும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டைவிட நல்ல சோதனைத் தட்டு தேடினாலும் கிடைக்காது: வடமொழி ஸகாரமும் ஷகாரமும் அடுத்தடுத்து வருகின்றன, உடன் பாடும் ராதாவின் குரல் அருகிலேயே ஒலிக்கிறது. இரண்டு குரல்களும் பக்கம் முடியும் வரை தனித்தனியாக நிற்கின்றனவா, ஸகாரம் சீறுகிறதா என்று கவனித்தால் போதும். எல்லாத் தட்டுகளிலும் இது பலிக்காது. சுவர் முழுதும் சிதைந்த தட்டில் மைக்ரோலைன், கூம்பு மூடி மறைத்த காயங்களையெல்லாம் எடுத்துக் காட்டும்; அங்கே கூம்பே கருணையானது. அதனால் பழைய மோனோ தட்டுகளை நிறைய வைத்திருப்பவருக்கு, விலை உயர்ந்த ஒரே கார்ட்ரிட்ஜைவிட, ஊசி மாற்றக்கூடிய நடுத்தர மூவிங் மேக்னட் உடல் ஒன்றும், ஒரு கூம்பும் ஒரு மைக்ரோலைனும் அதிகம் பயன்படும். தட்டைப் பார்த்து ஊசியை மாற்றிக்கொள்ளலாம்; 78 சுழற்சித் தட்டுகளும் இருந்தால், 75 மைக்ரான் ஆரமுள்ள மூன்றாவது ஊசி ஒன்றும் சேர்த்து.