ஊர்ச் செய்தியும் சக்குபந்தியும்

பேட்டைப் பத்திரிகைகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்ற அங்கலாய்ப்பு ஆங்கிலத்தில் சில வருஷங்களாகவே கேட்கிறது. அதை அப்படியே தமிழில் இறக்குமதி செய்வதற்கு முன்னால், நமக்கு அப்படி ஒன்று இருந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சென்னையில் இருந்தது. 1994-இல் தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் போன்றவை விலையில்லாமல் வீட்டு வாசலில் போடப்பட்டன. அக்கம்பக்கத்துக் கடைகளின் விளம்பரம்தான் அவற்றுக்கு ஜீவனம். பாஷை ஆங்கிலம். அதாவது, ஆங்கிலம் படிக்கிற வீடுகள் மட்டும் சேர்ந்த ஒரு பேட்டை. கம்பம் பள்ளத்தாக்கில், தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளி மலையடிவாரம்வரை, ஊர்ப் பத்திரிகை என்று நாங்கள் அறிந்ததெல்லாம் மதுரையிலிருந்து வந்த நாளிதழ்களின் மாவட்டப் பக்கம்தான். இப்போது மெலிந்துகொண்டிருப்பது அது. என் பேச்சும் அதைப் பற்றியதே.

அந்தப் பக்கத்தைப் புனிதப்படுத்தும் உத்தேசம் எனக்கில்லை. அதை எழுதியவர் அநேகமாக ஒரு பகுதிநேர நிருபர். சில ஊர்களில் பத்திரிகை ஏஜெண்டும் அவரே. சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, விளம்பரக் கமிஷன் உண்டு. ஆகவே விளம்பரம் கொடுக்கிற கல்யாண மண்டபத்தின் சாக்கடை செய்தியாவதில்லை. நடையோ, செங்கல் சூளையிலிருந்து வந்தது: 'பொதுமக்கள் கோரிக்கை', 'நடவடிக்கை எடுக்கப்படுமா?', 'உட்படப் பலர் கலந்துகொண்டனர்'. செத்தவர் எவராயிருந்தாலும் 'பரிதாபமாக' உயிரிழந்தார். (பரிதாபமில்லாமல் செத்த ஒருவரை அந்தப் பக்கத்தில் நான் இதுவரை சந்திக்கவில்லை.)

தகவல் என்ற அளவில் பார்த்தால் இழப்பு ஏதுமில்லை என்றே சொல்லலாம். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிறது. அதனால் பக்கத்தின் மூலையில் வரும் அணை நீர்மட்டக் கட்டத்தைத்தான் பலர் முதலில் பார்ப்பார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தபின் அந்த எண்ணுக்கு இன்னும் மவுசு. இன்று அது பேப்பர்காரப் பையன் வருமுன்பே கைபேசியில் வந்துவிடுகிறது. வேகமாக, இலவசமாக. பின் எதை இழந்தோம்?

டீக்கடைப் பெஞ்சில் பிரித்துப் போட்ட அந்தத் தாளை வெவ்வேறு தெருக்காரர்கள் படித்தார்கள். தான் படித்ததை எதிர்த்தெருக்காரனும் படித்திருக்கிறான் என்பது படித்தவனுக்குத் தெரியும். பொதுவாழ்வு என்று நாம் பெரிதாகச் சொல்வதன் அஸ்திவாரம் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். என் கைபேசியில் ஊர்ப் பெயரில் நான்கு வாட்ஸப் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தெரு. எங்கள் பக்கம் தெரு என்றால் என்ன அர்த்தம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரே சம்பவம் ஒன்றில் தாக்குதல், இன்னொன்றில் தற்காப்பு. பத்திரிகை கலவரத்தைத் தடுத்தது என்று நான் வாதிக்கவில்லை. மாவட்டச் செய்திகள் அச்சாகிக்கொண்டிருந்தபோதுதான் 1989-இல் போடியில் சாதிக் கலவரம் நடந்தது. ஆனால் அச்சான பொய்க்கு ஒரு முகவரி உண்டு. இரண்டு தரப்பும் அதே பொய்யோடுதான் மல்லுக்கு நிற்க வேண்டும். மறுப்பு எழுதி அனுப்ப ஓர் இடம் உண்டு. குழுவில் வருகிற பொய்யை எதிர்த்தரப்பு பார்ப்பதேயில்லை. மறுக்க வேண்டியவனுக்கு அது எட்டுவதற்குள் அது அபிப்பிராயமாகக் கெட்டிப்பட்டுவிடுகிறது.

இந்தப் பக்கம் எப்படி மெலிந்தது என்பதற்குக் கைபேசியை மட்டும் குற்றம்சாட்டுவது சோம்பேறித்தனம். அதன் முதுகெலும்பு நகராட்சி மன்றக் கூட்டச் செய்தி. குடிநீர், வெளிநடப்பு, மைக் பிடுங்கல் என்று சில்லறை நாடகம்தான். ஆனாலும் எந்தத் தெருவுக்குச் சிமெண்ட், எந்தத் தெருவுக்குச் சேறு என்று பெயர் சொல்லி அதில் வந்துவிடும். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரிவரை தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் கையெழுத்தில் நகரம் ஓடியது. தனி அலுவலரின் கோப்புக்குள் நிருபர் உட்கார நாற்காலி கிடையாது. இடையில் 2020-இல் ஊரடங்கு வந்து கடைகளும் மண்டபங்களும் மூட, விளம்பரம் போயிற்று, நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்தன. மன்றம் திரும்பியபோது அதைப் பார்த்து எழுதும் இடம் சுருங்கியிருந்தது.

இது வெறும் கலாசார ஏக்கமில்லை என்பதற்கு வங்கிக் குமாஸ்தாவான எனக்குப் பிடித்த சாட்சியம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் உள்ளூர்ப் பத்திரிகை மூடிய இடங்களில், உள்ளாட்சி ஸ்தாபனங்கள் வாங்கும் கடனுக்கான செலவு 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளிவரை ஏறியதாக 2020-இல் பிரசுரமான ஓர் ஆய்வு காட்டியது. பார்ப்பார் இல்லாத வீட்டுக்குக் கடன் கொடுப்பவன் கூடுதல் வட்டி கேட்கிறான். ஊர்ச் செய்தியின் மதிப்பைக் கவிஞனுக்கு முன்னால் லேவாதேவிக்காரன் கண்டுகொண்டிருக்கிறான்!

நம் சட்டமும் அதைக் கண்டுகொண்டிருக்கிறது. அடமானச் சொத்தை வங்கி கையகப்படுத்தினால், 2002-ஆம் வருஷத்து விதிகளின்படி, அந்த வட்டாரத்தில் போதிய அளவு விற்பனையாகும் இரண்டு முன்னணி நாளிதழ்களில், அதில் ஒன்று வட்டார மொழியில், அறிவிப்பு வர வேண்டும். ஆக, ஊர் பற்றி அச்சிடப்பட்டே ஆக வேண்டியது என்று இன்று மிஞ்சியவற்றில் இதுவும் ஒன்று. இன்னார் மகன் இன்னார், சர்வே நம்பர், பிறகு சக்குபந்தி: வண்டிப்பாதைக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் தோட்டத்துக்குக் கிழக்கு. ஒரு விமர்சகனாகச் சொல்கிறேன், பள்ளத்தாக்கைப் பற்றி இப்போது அச்சாகிற வசனத்தில் ஆகத் துல்லியமானது இதுதான். ஓர் அடைமொழி கிடையாது. 'பரிதாபமாக' கிடையவே கிடையாது. ஒரு மனிதன் தன் பெயரோடும் தகப்பன் பெயரோடும் அண்டைவீட்டாரோடும் முழுசாக அச்சில் வருகிறான், வீட்டை இழக்கும்போது.

இதில் நமக்கு, எழுதுகிறவர்களுக்கு, என்ன? வைகை அணை திறந்தது 1959. சின்னமனூரில் பிறந்த சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியதும் அதே வருஷம்தான். அணையால் நிலம் இழந்தவர்களின் கதையைச் சொல்லும் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது 2003-இல். அந்த நாவலின் தரம் பற்றி இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம், எனக்கும் உண்டு. நான் கவனிப்பது இடைவெளியை. வட்டார நாவல் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி இருபது முப்பது வருஷத்துக்கு முந்திய ஊர். ஞாபகத்திலிருந்து எழுதுகிறோம், ஞாபகம் தனக்குச் சௌகரியமான தெருவை மட்டும் வைத்துக்கொள்கிறது. செங்கல் நடையில் எழுதப்பட்ட அந்த மாவட்டப் பக்கம் மற்றத் தெருக்களையும் போகிற போக்கில் குறித்துவைத்தது.

திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டு மனைக்கல் நடுகிறார்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் மலையேறுகிறார்கள். இதை 2050-இல் எழுதப்போகிறவன் எதைப் பார்த்து எழுதுவான்? சக்குபந்தி கிடைக்கும்.