ஒருவும் அந்தவும்

சமீபத்தில் நண்பர் ஒருவர் ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கி, என் அபிப்பிராயத்தைக் கேட்டார். "ஒரு மனிதன் ஒரு கதவைத் திறந்துகொண்டு ஒரு அறைக்குள் நுழைந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான்" என்று அது ஆரம்பித்தது. அடுத்த வரியிலிருந்து அந்த மனிதன், அந்த அறை, அந்த நாற்காலி. பண்டிதர் கையில் கிடைத்தால் "ஓர் அறை" என்று திருத்துவார். அதோடு அவர் வேலை தீர்ந்துவிடும். ஆனால் தமிழில் யாரும் இப்படிக் கதை சொல்வதில்லை என்றேன். "மூலத்தில் 'எ' இருக்கிறதே, ஸார், விட்டுவிடலாமா?" என்று கேட்டார் நண்பர்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'எ' என்றால் ஒரு, 'தி' என்றால் அந்த என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். சரித்திரப்படி அதில் உண்மையும் உண்டு. ஒன்று என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் தேய்ந்துதான் 'ஆன்', 'எ' ஆயிற்று. 'தி'யும் ஒரு சுட்டுச் சொல்லின் வழிவந்ததுதான். நம் பாட்டிமார்கூட "ஒரு ஊரிலே ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு..." என்றுதானே கதை தொடங்குகிறார்கள்? ஆனால் ராஜாவை அறிமுகம் செய்து வைத்த பிறகு, பாட்டி அடிக்கொரு தரம் அந்த ராஜா என்று சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

கல்லூரியில் என் ஆங்கில வியாசம் ஒன்று உடம்பெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. முக்கால்வாசி 'ஆர்ட்டிகிள்' பிழைகள். ஆசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார், எல்லோரும் சிரித்தார்கள். முதல் தடவை சொன்னால் 'எ', மறு தடவை சொன்னால் 'தி' என்று விதியும் சொன்னார். அந்த விதியை நம்பி நாவல் படிக்கப்போனால், முதல் வாக்கியத்திலேயே 'தி' வந்து நின்றது. விதி உதவவில்லை, வெட்கம் மட்டும் மிஞ்சியது.

பின்னால்தான் புரிந்தது. எத்தனையாவது தடவை சொல்கிறோம் என்பதல்ல விஷயம். எதைச் சொல்கிறோம் என்று கேட்பவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதே விஷயம். தெரியும் என்று நம்பினால் 'தி'. ஆகவே இது ஆசிரியனுக்கும் வாசகனுக்கும் உள்ள உறவைப் பற்றியது. ஹெமிங்வே 1952ல் வெளியிட்ட 'தி ஓல்ட் மேன் அண்ட் தி ஸீ'யைப் பாருங்கள். கிழவன் நமக்கு ஏற்கனவே தெரிந்தவன் என்கிறது தலைப்பு. முதல் வாக்கியமோ 'ஆன்' போட்டு, யாரோ ஒரு கிழவன் என்கிறது. ஹென்றி ஜேம்ஸ் 1881ல் 'தி போர்ட்ரெயிட் ஆஃப் எ லேடி' என்றார்: பெண்களில் ஒருத்தி, ஆனால் அவளுடைய சித்திரம் இதுதான். ஜாய்ஸ் 1916ல் வெளிவந்த நாவலுக்கு 'எ போர்ட்ரெயிட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட்' என்று தலைப்பைத் தொடங்கினார்: கலைஞன் இவன், ஆனால் இது அவனுடைய சித்திரங்களில் ஒன்றே. இரண்டு சிறு சொற்கள் இடம் மாறியதில் கர்வமும் அடக்கமும் இடம் மாறிவிட்டன.

1969ல் சந்திரனில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாக்கியத்தில் ஒரு 'எ' காதில் விழவில்லை. தாம் சொல்ல நினைத்தது 'எ'யோடுதான் என்றார் அவர். அது இல்லாவிட்டால் 'மேன்' என்பது மனித குலத்தைக் குறித்து, சிறிய அடி, பெரிய பாய்ச்சல் என்ற எதிர்நிலையே குலைந்துபோகிறது. அங்கே தமிழிலும் "ஒரு மனிதனுக்கு" என்றுதான் எழுதவேண்டும். ஒருவை ஒழித்துவிட வேண்டும் என்பது என் கட்சியல்ல.

அப்படியானால் மற்ற இடங்களில் தமிழ் என்ன செய்கிறது? "அப்பா மாடு விற்றார்" என்றால் அது வியாபாரச் செய்தி. "அப்பா மாட்டை விற்றார்" என்றால் நம் வீட்டுக் கொட்டிலில் நின்ற மாடு; கேட்பவனுக்கு மனம் கனக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கி நிற்கிறது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அஃறிணையில் அந்த 'ஐ' இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் 'தி'யின் வேலையையும் 'எ'யின் வேலையையும் செய்வதை யாரும் காட்டவில்லை. மனிதர்களைச் சொல்லும்போது 'ஐ' எப்படியும் வந்துவிடுகிறது. ஆகவே "ஒரு பையனைப் பார்த்தேன்" என்று அங்கே ஒருவின் துணை தேவைப்படுகிறது.

என் ஆசிரியர் சிரிப்பதற்குப் பதில் இந்த மாட்டைக் காட்டியிருந்தால், என் பாஷையில் இல்லாத ஒன்றுக்காகத் திண்டாடுகிறேன் என்று நான் வருஷக்கணக்கில் பயந்திருக்கமாட்டேன். ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிளைத் தப்பாகப் போடுவதும், தமிழில் ஒருவை இறைப்பதும் ஒரே நோய்தான். சொல்லுக்குச் சொல் தேடுகிறோமே தவிர, கேட்பவனை நினைப்பதில்லை.

நண்பரின் பிரதியில் முதல் வரியை மட்டும் திருத்திக் கொடுத்தேன்: "மனிதன் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்." மூன்று ஒரு போயிற்று, அர்த்தம் ஒன்றும் போகவில்லை. மிச்சத்தை அவரே திருத்தட்டும்.