ஒரே அச்சு, வேறு சூளை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்குப் பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, ஓரத்தில் படிவதுதான் பொம்மை. அச்சு ஒன்றானாலும் மெருகிலும் சூளையிலும் ஆள் மாறிவிடும். ஒருவர் பாட்டை இன்னொருவர் தம் பாணியில் இசைக்கும் நல்ல மறுபாடலும் அப்படித்தான்.

பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ (1973) ஏழு எண்ணிக்கைப் பாட்டு. மிஸ்ர சாபு போட்டே கேட்கலாம். 2003இல் ஈஸி ஸ்டார் ஆல்-ஸ்டார்ஸ் அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம் முழுவதையும் ரெகேயாக்கினார்கள். மூலத்தில் கல்லாப்பெட்டிச் சத்தம் வந்த இடத்தில் புகைக்குழாயின் குமிழியும் இருமலும்! குறும்புதான், ஆனால் பாட்டைத் தெரிந்தவர்களின் குறும்பு.

எனக்கு அதைவிடப் பிடித்தது, மெக்சிகோவின் ரொட்ரிகோவும் கேப்ரியேலாவும் 2019இல் கித்தாரில் வாசித்த, அதே பிங்க் ஃபிளாய்டின் ‘எக்கோஸ்’. குரல் இல்லை, கீபோர்டு இல்லை. கித்தார் உடலைத் தட்டும் விரல்களே டிரம்ஸ். ஏறத்தாழ 19 நிமிடம், அலுக்கவே இல்லை.

பெங்களூரு ‘அகம்’ குழு எதிர்த்திசையில் வருகிறது: தீட்சிதரின் ‘ரங்கபுர விஹார’ கிருதிக்கு ப்ரோக்ரெசிவ் ராக் உடை. பிருந்தாவன சாரங்கா ராகத்தின் குழைவை டிரம்ஸ் சில இடங்களில் அமுக்குகிறது என்பது என் குறை. சங்கீதம் தெரிந்த பெரியவர் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். சண்டை சுவையாக இருக்கும்.