அழித்தவரை யார் கேட்பது?

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராஜாக்கண்ணு 'தப்பி ஓடிவிட்டார்' என்றது போலீஸ். அதைப் பொய்யென்று நிரூபிக்க, ஆட்கொணர்வு மனுவும் கண்டவர்களின் வாய்மொழியுமே முக்கியத் துணை. இன்று நிலையத்துக்கு நிலையம் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. அதற்கு முன்பு, அதே ஆண்டு ஜூனில், காவல் மரணங்களை விசாரிக்கச் சாத்தான்குளம் நிலையத்துக்குப் போனபோது, ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தும், காட்சிகள் தினமும் தானாக அழியும்படி செட் செய்திருந்ததை மாஜிஸ்திரேட் கண்டார்.

மின்னணுச் சான்றில் நம் நீதிமன்றங்கள், கொண்டுவருபவரிடம் காட்டும் கறாரை அழிப்பவரிடம் காட்டுவதில்லை.

கறார் தேவைதான். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைப் பள்ளிக்கூடப் பையன்கூடப் போலியாகச் செய்துவிடுவான். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் இல்லாத மின்னணு நகல் செல்லாது என்று 2014இல் அன்வர் வழக்கில் வந்த தீர்ப்பு 2018இல் தளர்ந்தது. 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மறுபடி இறுகியது. அந்த வழக்கிலேயே தேர்தல் அதிகாரிகள் சான்றிதழ் தர மறுத்திருந்தார்கள். கேட்டும் கிடைக்காதவரை அதற்காகத் தண்டிக்க முடியாது என்று நீதிமன்றம் விலக்குக் கொடுத்தது; அதுதான் தீர்ப்பின் நல்ல பகுதி. பழைய சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்போடு நிபுணர் கையெழுத்தும் கேட்கிறது. சிதம்பரம் கோர்ட்டில் வாடகை வழக்கு நடத்துபவர் அந்த நிபுணரை எங்கே தேடுவார்?

மறைப்பவருக்குத் தண்டனை இல்லாமலில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 11, விதி 21: ஆவணத்தை வெளிப்படுத்தச் சொன்ன உத்தரவை மதிக்காத வாதியின் வழக்கைத் தள்ளலாம், பிரதிவாதியின் எதிர்வாதத்தை நீக்கலாம். நீதிமன்றங்கள் இதைக் கடைசி ஆயுதமாகவே வைத்திருக்கின்றன. சான்றாகக் கூடிய மின்னணுப் பதிவை அழித்தால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா. 2015இல் டோமாசோ புரூனோ வழக்கில், வாரணாசி ஹோட்டலின் சிசிடிவி பதிவை அரசுத் தரப்பு காட்டாததை அதற்கு எதிராகவே எடுத்துக்கொண்டு, இரு இத்தாலியர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

ஆனால் இவையெல்லாம் வழக்கு கோர்ட்டுக்கு வந்த பிறகு. சிதம்பரம் மேலவீதியில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரின் டிவிஆர் சில வாரங்களில் பழைய காட்சியின் மேலேயே புதியதை எழுதிவிடும். சம்மன் அதற்குப் பிறகுதான் வரும். வழக்கு வரும் என்று தெரிந்த நாளிலிருந்தே பதிவைக் காக்கும் கடமை அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் உண்டு. இங்கே அப்படி வெளிப்படையான பொதுவிதி இல்லை. அதனால் வக்கீல் முதல் வாரத்திலேயே, பதிவு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதை வாங்கியவர் எதிர்த்தரப்பாக இருந்து, பிறகும் பதிவை அழித்தால், அது அவருக்கு எதிரானதாகவே இருந்திருக்கும் என்ற பாதகமான அனுமானத்தை நீதிபதி விதியாகவே கொள்ளட்டும். விதிவிலக்கு வேண்டுமென்றால் காரணத்தை அழித்தவர் சொல்லட்டும்.