மார்ச் மாதத்துப் பரீட்சை

அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் குழுக்கள் முப்பதும் பிப்ரவரி நடுவில் புளோரிடாவிலும் அரிசோனாவிலுமாக முகாமிட்டு, மார்ச் முடிவுவரை பயிற்சி ஆட்டங்கள் ஆடுகின்றன. இவற்றின் வெற்றி தோல்வி எந்தக் கணக்கிலும் சேருவதில்லை. ஆயினும், முகாமுக்கு வரும் அறுபது எழுபது பேரில், சீசன் தொடங்கும் நாளில் பட்டியலில் இடம்பெறத்தக்கவர் 26 பேரே ஆகையால், இன்னாரை வைத்துக்கொள்ள வேண்டும், இன்னாரை மைனர் லீக்குக்கு அனுப்ப வேண்டும் என்று ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் ஆறு வார காலம் ஓயாமல் வாதிக்கிறார்கள். இந்த வாதத்தில் ரஸம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நியாயம் எவ்வளவு உண்டு என்பதே விசாரணைக்கு உரியது.

முதலில் பரீட்சையின் மதிப்பெண்ணைப் பார்ப்போம். முழு சீசனில் ஒரு நிரந்தர ஆட்டக்காரர் ஏறத்தாழ அறுநூறு தடவை மட்டை பிடித்து நிற்கிறார். முகாமிலோ ஐம்பது அறுபது தடவையோடு சரி. அதிலும், முன்னணி வீரர்கள் நாலைந்து இன்னிங்ஸ் ஆடிவிட்டு உடைமாற்றப் போய்விடுகிற வழக்கத்தினால், முதல் இன்னிங்ஸில் தேர்ந்த பந்தெறிவாளரை எதிர்த்து அடித்த ஹோம் ரனும், எட்டாவது இன்னிங்ஸில், இன்னும் இரண்டு வருஷம் மைனர் லீக்கின் கீழ்ப்படியில் காலந்தள்ள வேண்டிய பையன் ஒருவனை எதிர்த்து அடித்த ஹோம் ரனும் ஏட்டில் ஒன்றுபோலவே ஏறுகின்றன. அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து கூடுதல் தூரம் பறப்பது வேறு. பந்தெறிவாளர்களின் நிலைமை இதைவிட விசித்திரம். குளிர்காலத்தில் புதிதாகப் பழகிய மெதுபந்து ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதே நோக்கமாக மேட்டில் ஏறும் அனுபவசாலி, எதிரி அதற்காகவே காத்து நிற்கிறான் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அதையே எறிந்து, இரண்டு ஹோம் ரன்களைத் தானம் செய்துவிட்டு, பந்து தான் நினைத்தபடி தாழ்ந்து விழுந்தது என்ற திருப்தியோடு இறங்கி வருவான். மறுநாள் பத்திரிகையோ அவனுடைய காலம் முடிந்தது என்று எழுதும்.

அப்படியானால் முகாமில் அறியத்தக்கது ஒன்றுமே இல்லையா? உண்டு, ஆனால் அது எண்ணிக்கையில் அகப்படுவதில்லை. முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்பியவனின் வேகப்பந்து பழைய வேகத்தை எட்டிற்றா, வளைபந்தைக் கண்டதும் விலகிப்போகும் மட்டைக்காரனின் முன்கால் இப்போது நிலைத்து நிற்கிறதா என்பவற்றை அறிய அறுநூறு தடவை வேண்டியதில்லை. பயின்ற கண்ணுக்கு நாலு நாள் போதும். 1999-இன் புது வீரர் தேர்வில் பதின்மூன்றாம் சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டு, மறு வருஷத்தின் பெரும்பகுதியை மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில் கழித்த ஆல்பர்ட் புஹோல்ஸ், 2001-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் முகாமில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடி, எவர் எறிந்தாலும் அடித்து, மானேஜர் டோனி லா ரூஸாவின் கண்ணில் நிலைத்தார். அவ்வாண்டே 37 ஹோம் ரன் அடித்துச் சிறந்த புதுமுகம் என்ற விருதும் பெற்றார். பாபி பொனில்லா என்ற மூத்த வீரருக்குக் காயம் பட்டிராவிட்டால் அந்தக் கதவு அன்று திறந்திருக்குமா என்பது சந்தேகமே.

புஹோல்ஸைக் காட்டி வாதிப்பவர்கள் பாஸ்டன் ரெட் ஸாக்ஸின் ஜாக்கி பிராட்லியை மறந்துவிடுகிறார்கள். 2013 முகாமில் அவருடைய சராசரி .419, அதாவது பத்துக்கு நாலு தடவைக்கு மேல் வெற்றி. ஊரே அவருக்காக வாதாடிற்று. முதல் ஆட்டத்தில், நியூயார்க்கில், மூன்று தடவை மோசமான பந்துகளைத் தொடாமல் விட்டே முதல் தளம் சேர்ந்து, வாதாடியவர்களின் மனத்தைக் குளிர்வித்தார். ஆனால் அந்த ஆட்டத்தையும் சேர்த்து 31 தடவை அடிக்க முயன்று மூன்று தடவையே வென்று, அந்த மாதம் முடியுமுன் மைனர் லீக் திரும்பினார். இதே பிராட்லிதான் 2018-இல் அமெரிக்கன் லீக் சாம்பியன் தொடரின் சிறந்த வீரர். ஆள் நல்லவனா என்பதை முகாம் ஒருவாறு சொல்லிற்று; இப்போதே ஆயத்தமா என்பதைச் சொல்ல அதனிடம் சாட்சியம் இல்லை.

இவை பரீட்சையின் குறைகள். பரீட்சகரின் குறை பெரிது. பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு வருஷச் சேவை. ஆறு வருஷச் சேவை நிறைந்தால் வீரர் விரும்பிய குழுவுக்குப் போகலாம். ஆகவே, முதல் வருஷத்தில் இரண்டு வாரம் தாமதித்து ஏற்றினால், ஏழாவது வருஷமும் அவர் குழுவின் கையில் இருப்பார். 2015-இல் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் முகாமில் 40-க்கு 17 வென்று, ஒன்பது ஹோம் ரன்களும் அடித்தார். ஃபீல்டிங் இன்னும் பழக வேண்டும் என்று சொல்லி அவரைக் கீழே அனுப்பிய நிர்வாகம், எட்டே ஆட்டங்கள் கழித்து, ஏப்ரல் 17 அன்று அழைத்துக்கொண்டது. அவ்வாண்டு அவர் கணக்கில் சேர்ந்தது 171 நாள். சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. அவர் தொடுத்த முறையீட்டில் 2020-இல் நடுவர் கப்ஸ் குழுவின் பக்கமே தீர்ப்பளித்தார். சட்டப்படி அது சரியே. லாபம் பார்ப்பது வியாபாரிக்கு இயல்பு. ஆனால் வேறிடத்தில் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு, ஊருக்காகப் பெண் பார்க்கும் படலம் நடத்திப் பஜ்ஜி சொஜ்ஜி தின்று வருவதைப் போன்ற இந்தக் காரியத்தைத் தகுதிப் போட்டி என்று அழைப்பதுதான் பொறுக்கவில்லை.

2021 பிப்ரவரியில் சியாட்டில் மரினர்ஸ் குழுவின் தலைவர் கெவின் மேதர் ரோட்டரி சங்கம் ஒன்றில் பேசும்போது இந்த ரகசியத்தை வெளிப்படையாகச் சொல்லிப் பதவி இழந்தார். எல்லாரும் அறிந்ததைச் சொன்னதற்கு இத்தனை தண்டனையா என்று எனக்கும் தோன்றியது. குழுக்களும் வீரர் சங்கமும் செய்த 2022-இன் ஒப்பந்தம் ஓரளவு பரிகாரம் செய்தது: சிறந்த புதுமுகத் தேர்தலில் முதல் இரண்டு இடம் பெறுபவருக்கு முழு வருஷச் சேவை உண்டு, தகுதி வாய்ந்த இளைஞரை ஆரம்பத்திலேயே ஏற்றிய குழு, அவர் அந்த விருதை வென்றால், புது வீரர் தேர்வில் ஓர் இடம் அதிகம் பெறும். அவ்வாண்டே அதே சியாட்டில், ஹூலியோ ரோட்ரிகெஸை முதல் நாளிலேயே களத்தில் இறக்கியது; அவர் விருதை வெல்ல, அந்த உபரி இடம் குழுவுக்கு வந்தது.

இந்தத் திருத்தம் மகா வீரனுக்கே பயன்படும். 26-ஆவது இடத்துக்கு இரண்டு சாமானியர் போட்டியிடும்போது, கீழே அனுப்பும் உரிமையான ‘ஆப்ஷன்’ ஒருவனுக்குத் தீர்ந்திருக்கும். அவனை இறக்கினால் வேறு குழு கொத்திக்கொண்டு போகலாம். மற்றவனுக்கு ஒரு வருஷ ஆப்ஷன் மிச்சமிருக்கும். அவனை இறக்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை. மார்ச் முழுவதும் பின்னவனே நன்றாக ஆடியிருந்தாலும், கடைசி வாரத்தில் மானேஜரின் அறைக்கு அழைக்கப்படுகிறவன் பெரும்பாலும் அவனாகவே இருப்பான். ரசிகர்கள் தங்கள் வாதத்தை இரண்டு சராசரிகளை ஒப்பிடுவதில் தொடங்காமல், எவனுக்கு எத்தனை ஆப்ஷன் மிச்சம் என்று விசாரிப்பதில் தொடங்கினால், பல சமயங்களில் அங்கேயே முடித்தும்விடலாம்.