அம்மோனைட்டின் மிதப்பு மையம்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை, கொளக்காநத்தம் பகுதிகளின் அரித்துப்போன களிமண் சரிவுகளிலும், அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் படிவங்களிலும் சுருள் சுருளான கல் ஓடுகள் கிடைக்கின்றன. கிரீத்தேசியக் காலத்தில் இங்கு அலையடித்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகள் அவை, கணவாய்க்கு உறவானவை. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களில் இவற்றை இனம் பிரித்து, நுணுக்கமான படங்களுடன் பதிவு செய்தார். வடிவத்தின் அழகு அன்றே வெளிப்பட்டுவிட்டது. அந்த விலங்கு தண்ணீரில் தலையை எந்தப் பக்கம் வைத்து மிதந்தது என்பதை இன்று கணினி மாதிரி கணக்கிட்டுச் சொல்கிறது.

அம்மோனைட்டின் ஓடு பல அறைகள் கொண்டது. வாயை ஒட்டிய கடைசி அறையில் உடல் இருக்கும். பின்னுள்ள சிறு அறைகளில் வாயுவும் சிறிது திரவமும் இருக்கும். மிதக்கும் நிலையைத் தீர்மானிப்பவை இரண்டு புள்ளிகள். ஓடும் உடலும் சேர்ந்து விலக்கும் நீரின் கன அளவுக்கு நடுப்புள்ளி மிதப்பு மையம். ஓடு, தசை, திரவம், வாயு அனைத்தின் எடைக்கும் நடுப்புள்ளி நிறை மையம். விலங்கு அசையாமல் நிற்கும்போது மிதப்பு மையம் மேலேயும், நிறை மையம் அதற்கு நேர் கீழேயும் அமையும்.

ஏ. இ. ட்ரூமன் 1941-இல் இந்த இரு மையங்களைக் கொண்டு அம்மோனைட்டுகளின் மிதப்பு நிலையை ஆராய்ந்தார். டேவிட் ராப் 1967-இல் சுருளோட்டின் வடிவத்தைச் சில எண்களுக்குள் அடக்கிக் காட்டினார். இப்போது சி.டி. ஸ்கேன் மூலம், புதைபடிவத்தை வெட்டாமலே அதன் உள்ளறைகள் வரை முப்பரிமாண வலை மாதிரியாகப் பெற முடிகிறது.

மிதப்பு மையத்தைக் காணும் முறை எளிமையும் நேர்த்தியும் கொண்டது. மாதிரியின் மேற்பரப்பு ஆயிரக்கணக்கான முக்கோணங்களால் ஆனது. ஒவ்வொரு முக்கோணத்தையும் ஆதிப்புள்ளியுடன் இணைத்தால் ஒரு நான்முகி கிடைக்கும். அதன் நான்கு முனைகளின் சராசரியே அதன் மையம். அந்த மையத்தை நான்முகியின் கன அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கன அளவால் வகுத்தால் மிதப்பு மையம் வந்துவிடும். ஆதிப்புள்ளி எங்கிருந்தாலும் விடை மாறாது. வடிவத்துக்கு வெளியே விழும் பகுதிகள் எதிர்க்குறி பெற்றுத் தாமாகவே கழிந்துவிடும். கணக்கின் அழகெல்லாம் இந்தக் கழிதலில்தான்.

ஆனால் வலையில் ஓட்டை இருக்கக் கூடாது. முக்கோணங்கள் எல்லாம் வெளிப்புறம் நோக்க வேண்டும். ஓட்டின் தடிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் விடை தவறும். விலக்கப்படும் நீர் முழு வெளியுருவத்துக்கும் உரியது என்பதால், அறைகளையும் உடலையும் உள்ளடக்கிய திண்ம வடிவத்தையே எடுக்க வேண்டும். ஓடு கரைந்து உள்வார்ப்பு மட்டும் எஞ்சிய படிவங்களில், ஓட்டுத் தடிப்பைச் சேர்த்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

நிறை மையத்துக்கு அடர்த்திகள் (கிராம்/கன செ.மீ.) தேவை: கடல்நீருக்கு ஏறத்தாழ 1.025, உடலுக்கு 1.05, ஓட்டுக்கு 2.5. மொத்த எடை விலக்கிய நீரின் எடைக்குச் சமமாகும் வரை அறைத் திரவத்தின் அளவு சரிசெய்யப்படும். இரு மையங்களுக்கும் இடையிலான தூரத்தைக் கன அளவின் கனமூலத்தால் வகுத்தால் நிலைத்தன்மை எண் கிடைக்கும். 125 கன செ.மீ. மாதிரியில் தூரம் 4 மி.மீ. எனில், எண் 0.08.

இந்த எண் வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. புதுச்சேரிப் பகுதியில் கிடைத்து, இயற்கையியலாளர் ஃபோர்ப்ஸ் 1846-இல் பெயரிட்ட பாகுலைட் இனத்தின் ஓடு நேரானது. இவ்வகை நேர் ஓடுகளில் மையங்கள் வெகுவாக விலகியிருப்பதால், விலங்கு தலை கீழ்நோக்கச் செங்குத்தாக நின்றது, சாய்ந்து திரும்புவது கடினம். தட்டையாகச் சுருண்டவற்றில் உடலறை நீள நீள மையங்கள் நெருங்கும். உடலைச் சாய்ப்பது எளிதாகும். காரைப் படிவத்தில் கிடைக்கும் டரிலைட்டுகள் கோபுரம்போல் சுருண்டவை. அவை நுனி மேலாக, வாய் சாய்வாகக் கீழ்நோக்க மிதந்தன.

நிறை மையத்தில் ஊகம் கலந்தே இருக்கும்; மென்தசையின் அளவு கல்லில் பதிவதில்லை. மிதப்பு மையம் பெரும்பாலும் வடிவத்தை மட்டுமே சார்ந்தது என்பதால், இரண்டில் அதுவே நம்பகமானது. அதற்கு வாய்ப்பகுதி உட்பட முழு ஓடு வேண்டும். விளிம்பு உடைந்தால் உடலறையின் நீளமே தெரியாமல் போகும். ஆகவே காரைச் சரிவுகளுக்குப் போகிறவர்கள் இந்தக் கற்களைப் பெயர்க்காமலும் நினைவுப்பொருளாக எடுத்துவராமலும் இருக்க வேண்டும்.