இணைய வகுப்பறைக் கருவியும் தமிழ் விடையும்

இணைய வகுப்பறைக்கு மென்பொருள் தேர்வார் பெரும்பாலும் விலையையும் காட்சியழகையுமே நோக்குகின்றனர். தமிழ் பயிற்றுவார் முதற்கண் நோக்கத்தக்கது, மாணாக்கர் எழுதும் தமிழ் விடையை அக்கருவி எங்ஙனம் மதிப்பிடுகின்றது என்பதேயாம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை ஆராய்வாம். பூ என்பதும் கொடி என்பதும் எவ்வாறு புணரும் என வினவுகின்றோம். பூ என்னும் பெயர்முன் வல்லெழுத்தேயன்றி அதற்கு இனமான மெல்லெழுத்தும் தோன்றும் என்பது நன்னூலார் கொள்கை. எனவே பூக்கொடி, பூங்கொடி என்னும் இரண்டும் சரியே. 2002இல் வெளிவந்த மூடில் என்னும் மென்பொருளிற் குறுவிடை வினா என ஒருவகை உண்டு. ஆசிரியர் முன்னரே பதிந்து வைத்த விடையோடு மாணாக்கர் விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது அது, இலக்கணம் அறியாதது. பூங்கொடி என ஒன்றே பதிந்திருப்பின், இராசபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் இருந்துகொண்டு பூக்கொடி என எழுதும் மாணாக்கர் சுழியே பெறுவர். இலக்கணம் கற்றவரைக் கல்லாதவர் எனப் பொறி தீர்ப்பளிக்கும். எனினும் ஒரு வினாவிற்குப் பல விடைகளைப் பதியவும், ஒவ்வொன்றிற்கும் மதிப்பெண்ணும் விளக்கமும் தனித்தனியே வகுக்கவும் மூடில் இடந்தருகின்றது. ஆகவே ஈண்டுக் குறை கருவியினதன்று; உறழ்ச்சியை முன்னறிந்து பதியாத ஆசிரியரதே.

2001 பிப்ரவரி 17இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுவது, மூடிலுக்கு முற்பட்டது. அதன் பாடங்களில் ‘தன் மதிப்பீடு’ வினாக்கள் உள. மாணாக்கரே விடையைத் திறந்து தம் விடையோடு ஒப்பிட்டுக்கொள்வர். பழைய முறை எனச் சிலர் இதனை எள்ளலாம். ஆயினும் உறழ்ச்சி வருமிடத்துக் கற்பாரையே எண்ணித் துணியச் செய்யும் இம்முறை, ஒற்றை விடை பதிந்த பொறியினும் மேம்பட்டதென்பேன். மதிப்பெண் வழங்கமாட்டாமையே இதன் குறை.

2014இல் வந்த கூகுள் கிளாசுரூம் எளிமையாற் பரவியது. 2020இல் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது அவ்வெளிமை பெருந்துணையாயிற்று. கட்டுரை பெறவும் திருத்தித் திருப்பவும் அது போதும். ஆனால் அதனை ஒரு துறை தன் கணினியில் நிறுவிக்கொள்ளல் இயலாது. மூடிலோ கட்டற்ற உரிமத்தது. அதனைத் துறையே நிறுவலாம். வினாவங்கியைக் கோப்பாக வெளியெடுத்துப் பிற துறைகட்கும் வழங்கலாம். உறழ்ச்சி விடைகளெல்லாம் அமைந்த புணரியல் வினாத்தொகுதி ஒன்றை ஒருவர் உழைத்து ஆக்கின், பலரும் அதனை ஆளலாம். இவ்வொரு காரணத்தானே யான் மூடிலை விரும்புவது. அதனைப் பேணுதற்கு ஆள் வேண்டும். ஆளில்லாத துறை கிளாசுரூமை மேற்கொண்டு விடைகளை ஆசிரியரே படித்துத் திருத்துதல் நன்று. சங்க நூற் பாடவேறுபாடு பற்றிய வினாக்கட்கு மட்டும் எப்பொறியையும் அமர்த்தற்க. அவற்றைக் கட்டுரை விடையாகவே பெறுதல் வேண்டும்.